ஏன்காரரும் எதிர்மாடிக் கோபுரமும்

அந்தத் தெருவில் எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வயர்மேன் வேலை. வந்ததும் வராததுமாக, ஏன் போச்சு என்று வீட்டுக்காரரிடமே கேட்பார். அது தெரிந்தால் உன்னை எதற்கய்யா கூப்பிடுகிறோம் என்று அவர்கள் முனகுவார்கள். அப்படித்தான் ஏன்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் எரிந்த ஃபியூஸை மாற்றிவிட்டுக் கூலியோடு கிளம்பிவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் போட்டு, எதைக் கழற்றினால் கோளாறு நிற்கிறதோ அதைக் கையில் எடுத்துக் காட்டும்வரை ஏணியை விட்டு இறங்க மாட்டார். எலி கடித்த வயரைக் காட்டும்போது முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், அந்த எலியைப் பெற்றதே அவர்தான் என்பதுபோல.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பள்ளிப்படிப்பை முடிக்கப்போகிறவள். சின்னவன் வாயாடி. ஒருநாள் காலையில் சின்னவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, எங்கும் விழவில்லை, முதல் நாள் சாயங்காலம்கூட அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். சில பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு திடீரென்று தப்பி நின்றுவிடும், ஏன் என்று பல நேரம் சொல்ல முடிவதில்லை, ஒரே குடும்பத்தில் இன்னொருவருக்கும் வரக்கூடும், அதனால் பெரியவளை உடனே கூட்டி வாருங்கள், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். சொல்ல முடிவதில்லை என்ற இடத்தோடு இவர் காது மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம் என்பது, பாவம், மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

துக்கத்தை எப்படியோ சுமந்திருப்பார். காரணமே இல்லை என்பதைத்தான் சுமக்க முடியவில்லை. காரணம் இல்லாமல் ஒரு பிள்ளை போகும் என்றால் இன்னொன்றும் போகுமே, அதை எதிலிருந்து காப்பாற்றுவது? பெரியவள் கொஞ்சம் அசந்து தூங்கினால்கூட மூக்கருகே கை வைத்துப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார். செல்போன் கோபுரங்கள்தான் பிள்ளைகளின் நெஞ்சை நிறுத்துகின்றன, டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும், வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். ஏன்காரர் ஜன்னலைப் பார்த்தார். எதிர்மாடியின் உச்சியில் கோபுரம் நின்றது. சின்னவனின் கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் கிடந்தது.

அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டார். சிரிக்க வேண்டாம். கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மனிதனுக்குப் பசியும் திரும்பி வந்துவிடுகிறது.

அந்த வீடியோக்காரர்களின் குழுவில் சேர்ந்துகொண்டார். அங்கே யாரும் காரணம் தெரியவில்லை என்று சொல்வதில்லை. சின்னவனைப் பற்றி எழுதினால் முகம் தெரியாதவர்களெல்லாம் அழுதார்கள். தெருவிலோ, பையன் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு ஒரு அவசர வேலை வந்துவிடும். அவர் அந்தப் பக்கம் போனதில் தெருவுக்கும் பங்கு உண்டு, இதை யார் ஒத்துக்கொள்ளப் போகிறார்கள்?

மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். பெரியவளை டாக்டரம்மாவிடம் காட்டிவிடலாம் என்று கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். எதைச் சொன்னாலும், அப்படி உன்னை நம்பவைப்பதுதான் இந்த டாக்டர்கள் வேலை என்பார். டாக்டரம்மா அக்கறையாக மறுபடி மறுபடி போன் பண்ணியது சந்தேகத்துக்குத் தீனியாகிவிட்டது. ஊரான் பிள்ளைமேல் இவளுக்கு ஏன் இவ்வளவு கரிசனம் என்று கேட்டார். கடைசியில் பெரியவளே, அப்பா கொஞ்சம் தேறட்டும்மா, அப்புறம் போகலாம் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினாள்.

எதிர்மாடிக் கட்டடத்து வயரிங் வேலையும் இவருடையதுதான். மின்சார அறைச் சாவி இவரிடமே இருந்தது. சந்தேகப்படும் லைனைக் கழற்றிப் பார்ப்பதுதானே தொழில்? ஒரு மதியம் கோபுரத்துக்குப் போகும் மெயினை அணைத்தார். கரண்ட் போனாலும் அதை ஓட்டப் பேட்டரி இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன, மேலே ஏறி அதன் வயர்களையும் பிடுங்கினார். பள்ளத்தில் இருக்கும் தெரு அது, வேறு கோபுரம் எதுவும் எட்டாது. அத்தனை போனும் செத்துப்போனது. மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சின்னவன் போன பிறகு அவர் நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான். இனி பெரியவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டார்.

அங்கே வீட்டில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவள் அப்படியே சரிந்தாள். மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் போனும் கடைக்காரர் போனும் அப்படியே. செருப்புகூடப் போடாமல் மெயின் ரோடு வரை ஓடி, போகிற வண்டிகளைக் கையை விரித்து மறித்தாள். ஒரு சரக்கு வண்டிக்காரர்தான் நிறுத்தினார். கூச்சல் கேட்டு ஏன்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது, அந்த வண்டியில் பெரியவளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதே டாக்டரம்மாதான். இதயத்தை ஓடவைத்துவிட்டோம், ஆனால் மூளைக்கு ரத்தம் போகாமல் நேரம் கடந்துவிட்டது, கண் திறப்பாள் என்று என்னால் நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார். விழுந்த உடனே ஆம்புலன்ஸ் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், ஏன்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஏன்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து குழுவில் எல்லாவற்றையும் எழுதினார். பதில்கள் மளமளவென்று வந்தன. நீங்கள் அணைத்ததைக் கோபுரக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பழிவாங்கிவிட்டார்கள், தளர்ந்துவிடாதீர்கள் என்றார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை படித்தார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபுரத்தை அணைத்தது யார் என்று, அவரை மொட்டைமாடியில் பார்த்த யாரோ அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அடிப்பாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அடிக்கவில்லை.

"அவங்க பழிவாங்கிட்டாங்க," என்றார். "நான் அணைச்சேன்ல, அதான்."

அவள் பெரியவள் கிடந்த அறையின் கதவைப் பார்த்தாள். ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரு பிள்ளை குழாய்களுக்கு நடுவில் கிடக்கிறது. இந்த மனுஷனையும் வெறுத்துவிட்டால் அவளுக்கென்று மிச்சம் யார்?

"ஆமாங்க," என்றாள். "அவங்கதான் பண்ணியிருப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

இத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்க அவர் படாத பாடு பட்டிருந்தார். இப்போது வந்தது. வந்ததும் அது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு," என்று கெஞ்சினார்.