சிவப்பு அம்பு

எங்கே புயல் அடித்தாலும் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நிவாரணமாகப் பனியன்தான் போகும். அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கும் அக்காமார்களைப் பெட்டி கட்ட அழைத்தேன். பனியன் வியாபாரி பாய் ஒருவர், ஏற்றுமதியில் கழித்த டி-ஷர்ட்டுகளை மூட்டை மூட்டையாகக் கொடுத்திருந்தார். மதியம் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டிகூட நிரம்பவில்லை. கைப்பழக்கத்தில் ஒவ்வொரு பீஸாக விரித்து, ஓட்டைக்கும் விட்டுப்போன தையலுக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பாதியை மறுபடியும் கழித்துப் போட்டிருந்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “லாரி நிக்குதுங்க அக்கா! சும்மா குடுக்கறதுல ஓட்டைய யாரு பாக்கப் போறாங்க?”

“ஏனுங்க, சும்மா குடுத்தா ஓட்டை தெரியாதுங்களா?” என்றார் மூத்த அக்கா.

பாயைப் போனில் கூப்பிட்டேன். அவர் தன் தையல் யூனிட்டைத் திறந்துவிட்டார். மாலைக்குள் அத்தனையும் தைத்து லாரியில் ஏற்றினோம். லாரி கிளம்பியதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் சட்டைத் தோளில், பிரிந்த தையலைக் காட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு.

“இந்த ஒரு பீஸ் பாக்கி இருக்குதுங்க” என்று மூத்த அக்கா ஊசியில் நூல் கோத்தார்.