எங்கட நாய் இல்ல, மிஸ்

மிருக வைத்தியரிடம் வருகிற நோயாளி ஒருநாளும் பொய் சொல்லாது; பொய்யெல்லாம் கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடமிருந்துதான் வரும். ஆஸ்பத்திரியில் துண்டு எழுதியவர்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள், கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்து சனத்தோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் விளங்கும். கல்முனைப் பக்கத்தில் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவள் நான். கலியாணம் முடிக்காத முஸ்லிம் பெண். ஊர் எனக்கு வைத்த பெயர் மாட்டு மிஸ்.

இன்றைக்குத்தான்

நிந்தவூர் ஆதம்பாவா காக்கா தன் பசுவை லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பசு தின்னவில்லை, அசை போடவில்லை, எழும்பவும் ஏலவில்லை. "எப்ப இருந்து காக்கா?" என்றேன். "இன்டைக்கிச் சுபஹுக்குப் பொறகுதான் மிஸ்" என்றார். பசுவின் கண் உள்ளே போய்க் கிடந்தது. வாயில் உள்ளி மணம், வேப்பெண்ணெய் மணம். கழுத்தில் ஓதிக் கட்டிய நூல் வேறு. ஒரு காலை நேரத்துக்குள் இவ்வளவு வைத்தியமும் செய்ய எந்த மனிசனாலும் முடியாது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. கந்தோரே கேட்கக் கத்தினேன். சேலைனை ஏற்றி, மருந்தைப் பருக்கி, பின்னேரம் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். அல்லாஹ் கிருபை, பசு எழும்பி நின்றது. காக்கா அதன் முதுகைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வருத்தம் வந்து மூணு நாள்தான் மிஸ். எனக்குப் பயம் வந்ததுதான் இன்டைக்கி."

அந்த ஞாயிறு

சுனாமி வந்த அன்று நான் கடற்கரையில் இல்லை. விடியக் காலையிலேயே வயல் பக்கத்து மாட்டுப் பட்டியொன்றில் பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கிறதென்று ஆள் அனுப்பியிருந்தார்கள். உம்மா வாசல் கடப்படி வரைக்கும் வந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ புள்ள" என்றா. வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, முதலாம் குறுக்குத் தெரு.

இரண்டு மணித்தியாலம் தோள் வரைக்கும் கையை விட்டு, கன்றைத் திருப்பி இழுத்தேன். உயிரோடு வந்தது. சந்தோசத்தில் சேற்றிலேயே குந்திவிட்டேன். உம்மாவின் மையித்தை மூன்றாம் நாள்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கன்றுகளை இழுத்தெடுத்திருக்கிறேன், ஒன்றுக்கும் சந்தோசப்பட முடியவில்லை. பட்டிக்காரர் அன்று ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "கண்டு தப்பிட்டு மிஸ், ஆனா ஊர்ச்சனம் ஏன் இஞ்சால ஓடி வருது?"

டேய்

வீடு போன பிறகு கந்தோருக்குப் பின்னால் இருந்த குவாட்டஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் கூடப்பிறந்த காக்கா குடும்பத்தோடு கொழும்பில். வா வா என்றார்; நான் போகவில்லை. உம்மா அடங்கிய ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை. சில கிழமைக்குப் பிறகு கந்தோர் வாசலில் ஒரு நாய் வந்து படுத்தது. செம்மண் நிறம், கழுத்தில் நீல வலைக்கயிறு. "பாண்டிருப்புக் கடற்கரை ஆக்கள்ர நாய் மிஸ். அந்த வீட்டில ஒருத்தரும் இல்ல இப்ப" என்றார் தங்கராசா அண்ணன். அவர் எங்கள் கந்தோரில் ஊசி போடுகிறவர், அதே பாண்டிருப்புக்காரர்.

முஸ்லிம் வீட்டில் நாய் வளர்க்கிற வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கோ தொழிலே மாட்டோடும் நாயோடும்தான். நாய் வாய் பட்டால் கையை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. குழாயடியில் ஒரு பால்மா டின்னில் மண் வைத்திருந்தேன். சில வீடுகளில் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதுவும் பழகிப்போனது. ஆகவே நாய் வாசற்படிக்கு அங்கால, நான் இங்கால. சோற்றைத் தகரத் தட்டில் தள்ளி வைப்பேன். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் நம்முடையதாகிவிடும் அல்லவா? "டேய்" என்று கூப்பிட்டால் வரும்.

ஆனால் கதைப்பேன். பின்னேரம் கந்தோர் பூட்டினால் கதைக்க வேறு யார் இருக்கிறார்கள்? இன்றைக்கு இன்னார் வந்தார், இன்ன பொய் சொன்னார் என்று எல்லாம் சொல்வேன். அது காதை மட்டும் ஆட்டும். ஒருநாள் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, கறிச்சட்டியோடு வந்தவ கடப்படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டா. தலையில் கை வைத்தா: "நாயோட இவ்வளவு கதைக்கிற புள்ளைக்கி நான் எங்க போய் மாப்பிள தேட?"

ஊசி நாள்

ஒவ்வொரு வருசமும் விசர்நாய்த் தடுப்பூசிக்கு வீடு வீடாகப் போவோம். வயல்காவல், மாட்டுக்காவல், தோணிக்காவல் என்று ஊரில் நாய்க்குக் குறைவில்லை. கேட்டுப் பாருங்கள், ஒன்றுக்கும் சொந்தக்காரர் இல்லை. ஒரு வளவில் மூன்று நாய் நிழலில் படுத்திருக்கின்றன. சட்டியில் மீன்தலையும் சோறும். வீட்டுக்காரி என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கட இல்ல மிஸ், சும்மா வந்து கிடக்குது" என்கிறா. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் எழும்பிப் போய் அவவின் காலை நக்குகிறது. அவவும் குனிந்து அதன் காதைச் சொறிகிறா. ஊசி அட்டையில் சொந்தக்காரர் என்று பெயர் எழுதினால் நாளைக்கு அது யாரையும் கடித்தால் நாம்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம்.

"சோறு போடத் தெரியுது, சொந்தம் கொண்டாடத் தெரியாதா?" என்று வாய் ஓயக் கத்தினேன். அவவும் விடவில்லை. "சோறு போடுற நாங்கதான் மிஸ், ஆனா நாய் எங்கட இல்ல" என்றா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாகனத்தில் ஏறினேன்.

கந்தோருக்குத் திரும்பினால் ஐஸ் பெட்டியில் நாலைந்து ஊசிக்கு மருந்து மிச்சம். வாசலில் டேய் வாலாட்டுகிறான். "இவனுக்கும் ஒண்டு போடுவம் மிஸ்" என்றார் தங்கராசா அண்ணன். அட்டையை எடுத்தேன். முதல் கோடே சொந்தக்காரர் பெயர். ஒரு நாய்க்குச் சொந்தக்காரி என்று என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. சாச்சிக்கு என்ன சொல்வது, ஊர் என்ன சொல்லும் என்று ஏதேதோ நினைப்பு. "பிறகு பாப்பம் அண்ணன்" என்றேன். நாலு வருசமும் இதே கதைதான். நாலாவது வருசம் அவர் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "ஊருக்கெல்லாம் ஏசுறீங்க மிஸ், நம்மட வாசலுக்கு ஒருத்தரும் ஏச வர மாட்டாங்க."

அவர்ர பெயர்

தம்பிலுவில் பக்கம் சுனாமி வீட்டுத்திட்டம் ஒன்றில் ஒரு அக்கா. புருசன் கடலோடு போனவர். நாங்கள் கேட்கவே இல்லை, அவவாகவே நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றா. நாயும் குளித்து, உண்ணி இல்லாமல் சுத்தமாக இருந்தது. என் உத்தியோகத்தில் அப்படி ஒன்றைக் கண்டது அருமை. சொந்தக்காரர் பெயர் கேட்டேன். ஒரு ஆம்பிளைப் பெயர் சொன்னா. அவர் வரவில்லையா என்று மடத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

அவ கோபப்படவில்லை. நாயின் தலையைத் தன் முழங்காலோடு அணைத்துப் பிடித்து ஊசிக்குத் தோதாகக் காட்டினா. "அவர் வளர்த்த நாய் மிஸ், அவர் இல்லையெண்டு இவனுக்கு ஆள் இல்லாமப் போகுமோ? பெயரை எழுதுங்க."

ஐஸ் பெட்டி

யுத்தம் முடிந்த கிழமை. சந்தைப் பக்கம் எச்சில் ஒழுக ஓடித் திரிந்த ஒரு நாயை ஆட்கள் அடித்துவிட்டார்கள். விசர்தானா என்று அறியத் தலையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டும்போது தங்கராசா அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், அந்த நாய் முதல் நாள் எங்கள் வாசலுக்கும் வந்ததாம், டேய் மறித்துச் சண்டை பிடித்ததாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். காதடியில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. ஊசி போட்ட நாயென்றால் காயத்தைக் கழுவி, இன்னொரு ஊசி போட்டுக் கவனித்துக்கொள்ளலாம். ஊசி போடாத நாயென்றால் கொல்லத்தான் வேண்டும் என்று நானே எத்தனை வீட்டு முற்றத்தில் நின்று சட்டம் பேசியிருக்கிறேன்.

பெட்டியை நானே வாகனத்தில் கொண்டுபோனேன். விசர் இல்லையென்று மறுமொழி வர வேண்டுமென்று வழி நெடுக துஆ கேட்டேன். காவலரணில் ஒரு இளம் ஆமிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், நம்பவில்லை. திறந்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார், முகம் வெளிறிவிட்டது. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மூடுங்க மிஸ், போங்க மிஸ், சண்டை முடிஞ்சி மிஸ்."

பதிவேடு

மறுமொழி போனில் வந்தது. விசர்தான். சந்தியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது, ரோட்டில் கொடி கட்டிய ஓட்டோக்கள். கூட்டில் ஆறு மாதம் அடைத்து வைத்துப் பார்க்கிற வழியொன்றும் இருக்கிறது. ஆனால் என் வளவுக்கு வேலி இல்லை, பக்கத்தால் மத்ரஸாப் பிள்ளைகள் நடந்து போகிற பாதை. போன வருசம் ஒரு ஏழைக் கிழவரிடம் இதே காரணத்தைச் சொல்லித்தான் அவருடைய நாயைக் கேட்டு வாங்கினேன். அவர் அழுதார். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டேய் பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து படிக்குக் கீழே ஒதுங்கியிருந்தான். கூப்பிட்டேன், வந்தான். முதல் தரமாகப் படிக்கு இங்கால வரச் சொன்னேன். நம்பாமல் நின்று என்னையே பார்த்தான். பிறகு உள்ளே வந்து சீமெந்துத் தரையில் படுத்தான். நான் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் தலையை மடியில் வைத்தேன். எனக்கு வேண்டிய தடுப்பூசியெல்லாம் எப்போதோ போட்டாயிற்று. எனக்குப் போட மட்டும் நான் மறக்கவில்லை. அழுதேன். உம்மாவுக்கு அழாத அழுகையெல்லாம் அன்று வந்தது.

தங்கராசா அண்ணன் கடைசி ஊசிக்கான மருந்தையும் பதிவேட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அந்த ஊசியைப் போட முன்னம் எழுத வேண்டிய பதிவேடு அது. நாயின் நிறம், வயது எல்லாம் எழுதிவிட்டார். ஒரு கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. பேனையை வாங்கி, வாப்பாவின் பெயரோடு என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி இது உங்கட நாய்தான் மிஸ், ஒருத்தரும் இல்லையெண்ண ஏலாது."

நாலு வருசம் ஒரே வாசலில் ஒரே சோற்றைத் தின்ற இரண்டு சீவன்களில் ஒன்றுக்கு மற்றது சொந்தக்காரியாக இருந்தது, பதிவேட்டின்படி, மொத்தம் கால் மணித்தியாலம்.