காற்றின் தோளில் ஒரு கை

அக்காள் மகள் கல்யாணத்தில் நாங்கள் ஆட வேண்டுமாம். திருச்சானூர் மண்டபத்து மாடியில் சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர் வந்தார். மை பூசிய தலை, தொப்பையில் பிதுங்கும் பளபளச் சட்டை. பார்த்ததுமே எனக்கு இளக்காரம். சல்சா, சா சா, வால்ட்ஸ் எல்லாவற்றையும் மீந்துபோன குழம்புகள் மாதிரி ஒன்றாக ஊற்றிக் கிண்டியிருந்தார். எல்லாம் ஜோடி ஆட்டம், ஜோடிதான் கிடையாது. ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. அவரவர் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினோம். சுற்றச் சொன்னால் மொத்தக் குடும்பமும் ஆத்மப் பிரதட்சணம் செய்தது.

“ஜோடி எங்க மாஸ்டர்?” என்றேன் நக்கலாக.

“பெரியவங்க எதிர்ல எவன் சார் பொண்டாட்டிய தொட்டு ஆடுவான்? அதான் வரிசை.”

பேசும்போதும் அவர் வலது கை ஒரே உயரத்தில், யாரோ ஒருத்தியின் தோளில் இருப்பதுபோல நின்றது.

“இன்னா சார், உங்க கை கீழ எறங்கிக்கினே கீது? வீட்டம்மா தோள் எவ்ளோ ஒசரம்?”

எதிர் வரிசையில் என் மனைவி சிரிக்காமல் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன், கையை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

அந்தக் கோமாளி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையைத் தூக்கிச் சரியான இடத்தில் நிறுத்தினார்.

அவர் கை யார் தோளில் இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.