மாடியில் காய்ந்த நாய் பிஸ்கட்

சிவகாசியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மூன்று விஷயங்கள் விசாரிப்பார்கள்: எத்தனை பேர், என்ன வேலை, தண்ணீர் எவ்வளவு செலவாகும். நாய் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. நாங்களாகச் சொன்ன பிறகு கதவைச் சாத்துவார்கள். அப்படி எட்டு வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்பதாவது வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அம்மாவையும் என்னையும் நிற்கவைத்துவிட்டு நாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடிக்குமா?"

"கடிக்காது டீச்சர்."

"குரைக்குமா?"

"வெடிச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிரும், டீச்சர்."

"அப்ப இந்த ஊர்ல அது கட்டிலுக்கு அடியிலதான் குடியிருக்கும்" என்று சொல்லி, மாடிப் பகுதியைக் கொடுத்தார். ஒப்பந்தத்தின் கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். நாயைப் பற்றியோ நாயின் பொருட்டு நடக்கும் எதைப் பற்றியோ ஒரே ஒரு புகார் வந்தாலும் ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டோம். பத்தாவது வீடு என்று ஒன்று எங்கள் பட்டியலில் இல்லை.

அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் ஒரு பட்டாசு கம்பெனியின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். நாய்க்கு வயது நான்கு, வேலை கிடையாது. அந்தக் கோடையில் அது உடம்பெல்லாம் சொறிந்துகொண்டது. கடையில் விற்கும் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வீட்டிலேயே செய்து கொடுத்துப் பாருங்கள் என்றார் கால்நடை மருத்துவர். என்னிடம் ஒருவர் 'செய்து பாருங்கள்' என்று சொல்லிவிட்டால் நான் முதலில் செய்வது பட்டியல். கூடாதவற்றைச் சிவப்பு மையில் எழுதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "வெங்காயம் கூடாது. பூண்டு கூடாது. திராட்சை, கிஸ்மிஸ் கூடவே கூடாது. சாக்லேட் கூடாது. சீனி, உப்பு கூடாது. ஏட்டி, இது நாய்க்கா, இல்ல என்கிட்ட வர்ற பிரஷர் பேஷண்டுக்கா?"

"நாய்க்குத்தாம்மா. பூண்டு அதுக்கு ரத்தத்தைக் கெடுக்கும். கிஸ்மிஸ் கிட்னிய அடிச்சிரும்."

"ஒரு சிட்டிகை உப்பாவது போடு. வாயில வைக்க வேண்டாமா?"

போடவில்லை. கேப்பை மாவு இருநூறு கிராம், அவித்து மசித்த மஞ்சள் பூசணி நூறு, நைசாக அரைத்த நிலக்கடலை ஐம்பது, ஒரு முட்டை. கடலையில் பூஞ்சை பிடித்ததாகத் தோன்றிய ஒவ்வொன்றையும் பொறுக்கி எறிந்தேன். மாவைத் தட்டி, சின்ன டம்ளரால் வட்டமாக வெட்டினேன். சீக்கிரம் காயட்டும் என்று ஒவ்வொன்றின் நடுவிலும் விரலால் குழி வைத்தேன். இட்லிக் கொப்பரையில் வேகவைத்து எடுத்தபோது கறுஞ்சாம்பல் நிறத்தில் அறுபத்து நான்கு வட்டங்கள் இருந்தன.

அவற்றை ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் காயப் போட்டேன். தரைத் தூசு படாமலிருக்க, அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களை அடியில் விரித்தேன். எங்கள் ஊரில் அலமாரியில் விரிப்பதும் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதும் அந்தத் தாளில்தான். அதன்மேல் துவைத்த வேட்டி. வேட்டியின்மேல் பிஸ்கட். வரிசைக்கு ஒரு சீட்டு: தொகுதி எண், எடை, வைத்த நேரம். முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தேன். எச்சில் தெறித்துவிடக் கூடாது அல்லவா. நைலான் உடுத்தினால் உராய்வில் பொறி பறக்கும் என்பதால் எங்கள் தொழிலில் பருத்திதான் உடுத்துவோம். விடுமுறையிலும் எனக்கு அதுவே பழக்கம்.

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அக்கா வேறொரு பட்டாசு கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறவர். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாப்பா, என்ன காயுது?"

"பிஸ்கட்டுக்கா. நாய்க்கு."

"நாய்க்கு" என்று அவரும் சொல்லிச் சிரித்தார். "அம்புட்டு நெருக்கி வச்சா காயாது. நாங்க ஒரு விரக்கடை விடுவோம்."

நன்றி சொல்லி, ஒரு விரல் இடைவெளி விட்டு மாற்றி அடுக்கினேன். அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு இப்ப லோடு கம்மி, கை சும்மாதான் இருக்கு. யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். என்னையும் சேத்துக்கோங்க."

நாய்ப் பிரியம் உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "அடுத்த வாரம் சொல்றேங்க்கா" என்றேன்.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வது குற்றம். செய்கிறவர்களும் உண்டு, வீடு தரைமட்டமானதும் உண்டு. இதையெல்லாம் விளக்கப் படம் போட்டுப் புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே என் வேலையில் ஒரு பகுதி. ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. அக்கா நேராக டீச்சரிடம் போய், மாடியில் பாப்பா சக்கரம் போடுகிறது, எனக்காக நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சிபாரிசு கேட்டிருக்கிறார். டீச்சர் முதலில் தன் சமையலறையின் கேஸ் சிலிண்டரைப் பார்த்தார். பிறகு போலீசுக்கு போன் போட்டார்.

ஒரு சப்-இன்ஸ்பெக்டரும், தண்ணீர் வாளியுடன் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். பின்னால் டீச்சர். மாடிப்படியின் கடைசிப் படியிலேயே சப்-இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். "யாரும் போனை எடுக்காதீங்க" என்றார். வெடிமருந்துப் பக்கம் போனைத் தொடக் கூடாது, சரியான நடைமுறை என்று மனதுக்குள் மெச்சினேன். அவருடைய பூட்ஸ் வேட்டியின் ஓரத்தை மிதிக்கப் போனது.

"சார், ஷூவைக் கழத்திட்டு வாங்க" என்றேன்.

தின்கிற பொருள் என்பதால் சொன்னேன். எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றச் சொல்கிற இடங்கள் இரண்டு: சாமி இருக்கிற இடம், வெடிமருந்து காய்கிற இடம். இங்கே சாமி இல்லை. மூவரின் முகமும் வெளுத்தது. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து, சத்தமே வராமல் பூட்ஸைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில் வேட்டி ஓரம் தூக்கிக்கொண்டது. கழிவுத் தாளில் அச்சாகியிருந்த பட்டாசு லேபிள்கள், மயிலும் தீப்பொறியுமாக, வரிசையாகத் தெரிந்தன.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பட்டாசு கம்பெனியில கெமிஸ்ட், சார்."

"இதுல என்ன கலந்திருக்கீங்க?"

கிராம் கணக்கோடு சொன்னேன். பூசணி என்றதும் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ ரசாயனத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் என்று எடுத்துக்கொண்டார் போல.

"நாய்க்குன்னா நாயைக் கொண்டாங்க. தின்னு காட்டட்டும்."

அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டீச்சர் கை கட்டி நின்றார். ஒரு புகார், ஒரு மாதம் என்ற வரியை அவர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. எங்கள் வீடு இப்போது நாயின் வாயில் இருந்தது. ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். நாய் முகர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு போய் சப்-இன்ஸ்பெக்டரின் காலுறையை நக்கியது.

"திங்கலயே" என்றார் அவர், காலை அசைக்காமல்.

"உப்புப் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா.

நானே ஒன்றைக் கடித்துத் தின்றுகாட்டினேன். அது சாட்சியாகச் செல்லுபடியாகவில்லை. கெமிஸ்டுகள் எதையும் தின்பார்கள் என்றார் கான்ஸ்டபிள். கடைசியில் தெருவில் நின்ற எதிர் வீட்டு அக்காவை மேலே கூப்பிட்டார்கள். அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். ஒன்றை எடுத்து உடைத்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். முகம் விழுந்துவிட்டது.

"சார், மருந்து இல்ல. கேப்பை." என்னிடம் திரும்பினார். "நெசமாவே பிஸ்கட்டா பாப்பா?"

அவ்வளவு ஏமாற்றத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

கொண்டுவந்த வாளி வீணாகக் கூடாது என்று கான்ஸ்டபிள் ஒரு பிஸ்கட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டை வாயில் போட்டார். "கடலை நல்லா இருக்கு சார்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, "அடுத்த தடவை அடுப்படியில காய வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

டீச்சர் இறங்கவில்லை. ஒரு பிஸ்கட்டை உடைத்து மெதுவாக மென்றார்.

"சீனி இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"உப்பும்?"

"இல்ல."

"எனக்குச் சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. இத்தன வருசமா டீயோட தொட்டுக்க ஒண்ணும் கிடையாது." இன்னொன்றை எடுத்தார்.

அம்மாதான் துணிந்து கேட்டாள். "டீச்சர், அந்தப் புகார்..."

"புகார் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"வீட்டுக்காரி குடுக்குறது எப்படிப் புகார் ஆகும்? வெளியாளு குடுக்கணும். அப்படித்தான் நான் எழுதியிருக்கேன்." அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்த குரல் அது. இருவரும் தலையாட்டினோம்.

சாயங்காலம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். தன் பழைய வரிக்குக் கீழே புதிதாக ஒன்று சேர்த்திருந்தார். மாடியில் காயவைக்கப்படும் நாய்த் தின்பண்டம் எதுவானாலும் முதல் தட்டு வீட்டு உரிமையாளருக்கு. அடுத்த தொகுதியில் நாய்க்காகக் கோழி ஈரல் சேர்க்கலாம் என்றிருக்கிறேன், அதற்கும் இது பொருந்துமா என்று கேட்டேன்.

"நாய் திங்குமா?"

"அதைத் திங்கும் டீச்சர்."

"அப்ப எனக்குத் தனியா பழைய கணக்குல பண்ணு" என்று பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.