துளை வழியே முதல் ஆபரேஷன்

டாக்டர் ஷம்சாத்துக்கு நாகப்பட்டினம் சொந்த ஊர். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் வெகுகாலமாக சர்ஜன். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் அவர் கைக்கு நல்ல பேர். ஆனால் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தே செய்யும் முறை அவர் படித்த காலத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அதைக் கற்க உட்கார்ந்தார்.

கற்றுக்கொடுத்தது எழில்மொழி, அவரைவிட மிகவும் இளைய டாக்டர். பயிற்சிக்கு ஒரு பெட்டி. துளைகள் வழியே நீளமான கருவிகள். கையை வலப்பக்கம் அசைத்தால் முனை இடப்பக்கம் போகும். முதலில் ஒரு பச்சைப் பயறைக்கூட எடுக்க முடியாமல் ஷம்சாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் டியூட்டி முடிந்ததும் தினமும் பெட்டிமுன் நின்றார். சதை கிழியாமல் திராட்சைத் தோலை உரிக்க வந்த பிறகுதான் எழில்மொழி சரி என்றார்.

முதல் நோயாளி பிரகதாம்பாள், நடவு வேலைக்குப் போகிறவர். பித்தப்பையில் கல். ஷம்சாத் மறைக்காமல் சொன்னார்: இந்த முறையில் தனக்கு இது முதல் ஆபரேஷன், எழில்மொழி கூடவே நிற்பார், சரிப்படாவிட்டால் வயிற்றைத் திறந்துவிடுவோம். பிரகதாம்பாள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

ஆபரேஷன் அன்று கேமரா வயிற்றுக்குள் போனதும் ஷம்சாத் ஒரு கணம் நின்றுவிட்டார். பெட்டிக்குள் திராட்சை அசையாது. இங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரல் ஏறி இறங்கியது. அந்த அசைவுக்குக் கை பழகும்வரை காத்திருந்து, பிறகு பித்தப்பையை ஈரலிலிருந்து மெல்லப் பிரிக்க ஆரம்பித்தார். பாதியில் ஒரு சிறு ரத்தக்குழாய் கசிந்து திரை முழுக்கச் சிவந்தது. பெட்டியில் ரத்தம் கிடையாது.

"திறந்துடலாமா மேடம்?" என்றார் எழில்மொழி.

"கொஞ்சம் பொறுங்க. அழுத்திப் பிடிச்சுப் பாப்போம். நிக்கலைன்னா திறந்துடலாம்."

ரத்தம் அவருக்குப் புதிதல்ல. துளை வழியே சிறு துணியை விட்டு அழுத்தி, பதறாமல் காத்திருந்தார். கசிவு குறைந்ததும் உறிஞ்சித் துடைத்து, குழாயைக் கண்டுபிடித்து கிளிப் போட்டார். கருவி போகவேண்டிய இடத்துக்குத் தானாகப் போனது. எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்கவே இல்லை. பித்தப்பை துளை வழியாக வெளியே வந்தது.

மறுநாள் காலை பிரகதாம்பாள் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உள்ள இருந்தத எடுத்துட்டீங்களா, இல்லையா? கிழிச்ச இடத்தையே காணோமே" என்று கேட்டார். ஷம்சாத் சிரித்தார்.

அடுத்த வாரப் பட்டியலை எழில்மொழி நீட்டியபோது, பித்தப்பை ஆபரேஷன்கள் எல்லாவற்றுக்கும் நேராகத் தன் பெயரையே எழுதச் சொன்னார் ஷம்சாத்.