படிக்கட்டுப் பக்கத்துத் தூண்கள்

ணங். ணங். எங்கோ கம்பி வளைக்கிறார்கள். அந்தச் சத்தம் போதும், கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடும். சுனாமிக்கு அடுத்த வருடத்து வாவிக்கரையில் நின்றுகொண்டிருப்பேன்.

நான் பொறியியலாளன். நான்கு மாடியில் எழவிருந்த அலுவலகக் கந்தோர் ஒன்றுக்குத் தூண்கள் வரைந்திருந்தேன். கடல் அப்படி வந்த பிறகு நிலத்தையும் என்னால் நம்ப முடியவில்லை. நிலம் நடுங்கினால் தூண் வெடிக்காதிருக்க, அதன் கம்பிகளைச் சுற்றிய வளையங்கள் நெருங்கி நிற்க வேண்டும். வளையத்தின் நுனிகள் உள்ளே, தூணின் நெஞ்சுக்குள் மடங்க வேண்டும். கம்பி வளைப்பவர் கதிரவெளிக்காரர். வீட்டையும் மனைவியையும் கடல் கொண்டுபோக, பள்ளிக்கூடம் போகும் மகளோடு நகரத்துக்கு வந்திருந்தார். நுனியை அரைகுறையாக மடித்து விட்டுவிடுவதே அவர் கைப்பழக்கம்.

"வந்தது கடல். நீங்க நிலத்துக்குக் கொக்கி போடுறீங்க, சேர்" என்று சிரித்தார். சிரித்தபடியே பழகிக்கொண்டார். படிக்கட்டுப் பக்கத்து இரண்டு தூண்களையும் வரைபடத்தில் உள்ளபடியே கட்டினார்.

பிறகு யுத்தம் மறுபடி நெருங்க, இரும்பு வரவில்லை. லொறி சோதனைச் சாவடியில் நின்றது. அனுமதிக் கடிதம் வேறெங்கோ நின்றது. ஒரு நாள் காலை கல்லடிப் பாலத்தையும் மூடினார்கள். நாவற்குடாவிலிருந்து வந்த நான் வரைபடச் சுருளோடு வெயிலில் நின்றேன். பாலம் திறந்து போய்ச் சேர்ந்தபோது மற்றத் தூண்களுக்கெல்லாம் கொங்கிறீட் போட்டாயிற்று. இருந்த கம்பியில் சமாளிக்கச் சொன்னாராம், கட்டிட ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர். வளையத்துக்கு வளையம் ஒரு முழம் என்று, வளைத்தவரே தலைகுனிந்து சொன்னார். இடிக்கச் சொன்னேன். இரும்பைக் கொண்டுவந்தால் இடிக்கிறேன் என்றார் கொந்தராத்துக்காரர். கடிதங்கள் எழுதினேன். கட்டிடம் சரியென்று கையெழுத்துப் போட மறுத்தேன், வேறொருவர் போட்டார். கட்டிடம் வெள்ளையடித்து, வாவியில் நிழல் விழ, அழகாகத்தான் நின்றது.

யுத்தம் முடிந்த வருடம் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். ஊருக்கே திரும்பிப் போகிறாராம். மகள் வளர்ந்துவிட்டாள், நகரத்திலேயே தங்குகிறாள். அந்தக் கந்தோரில், மூன்றாம் மாடியில், திங்கட்கிழமை தொடக்கம் அவளுக்கு வேலை. சொல்லும்போது சந்தோஷப்படத்தான் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு வேலை இல்லை. போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு தூண்களால் ஒரு கட்டிடத்தைத் தாங்க முடியாது. அது அவருக்கும் தெரியாமலிருக்காது.

பஸ் இரைந்தது. மிதிபலகையில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"புள்ளைட மேசைய எந்தப் பக்கம் போடச் சொல்ல, சேர்?"

"படிக்கட்டுப் பக்கம்."