இலியேசாவின் புருவங்கள்

நர்ஸ் அசெனதாவுக்குத் தீவிர சிகிச்சையைக் கற்றுக்கொடுக்க எங்கள் தீவில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு சுவாச இயந்திரம். டாக்டர் ஒருவர்தான், அவர் மொத்த ஆஸ்பத்திரியையும் பார்க்க வேண்டும். பிரசவ வார்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவளை ஒரு நாள் திடீரென்று அங்கே மாற்றினார்கள். இயந்திரம் அலறும்போதெல்லாம் டாக்டரைத் தேடி ஓடினாள்.

அப்போதுதான் அந்தப் பாடங்கள் கிடைத்தன. ஆஸ்திரேலியாவில் யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த இருபத்திரண்டு வீடியோக்கள். கோயிலுக்குப் பின்னால் இருந்த ஈரப்பலா மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். வேலை முடிந்ததும் அங்கே போய் உட்காருவாள். படம் தத்தித் தத்தி ஓடும், சத்தம் பாதி வராது. கீழே வரும் எழுத்துகளை வாசித்தே படித்தாள்.

"என்ன அசெனதா, மரத்தடி யுனிவர்சிட்டி இன்னைக்கு லீவா?" என்று கேலி செய்வாள் பக்கத்து வீட்டு மெரெவாய்.

"லீவு இல்லக்கா. நீங்க மூச்சு விடாம பேசறீங்களே, அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பாடம்!"

பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அடுத்த மாதமே, சுவாசக் குழாய் அடைத்துத் திணறிய பஸ் டிரைவர் ஒருவரைத் தனியாக நின்று காப்பாற்றினாள். அதன்பிறகு அந்த அறையில் அவள் சொன்னதுதான் சட்டம். மெரெவாய்கூடக் கேலியை விட்டுவிட்டாள்.

அந்த மெரெவாயின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஏதோ சின்னச் சண்டை. மீன் பிடிக்கக் கிளம்பிய புருஷன் இலியேசாவைப் பார்த்து, "போ, அந்தக் கடலோடவே போயிடு!" என்று கத்திவிட்டாள். மதியத்துக்குள் படகு கவிழ்ந்தது. நுரையீரல் முழுக்க உப்புத் தண்ணீரோடு அவனைத் தூக்கி வந்தார்கள். வாயில் குழாய், பக்கத்தில் இயந்திரம்.

மூன்றாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். பார்வையாளர் நேரத்தில் இலியேசா கண்ணைத் திறந்தான். மெரெவாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"கோவத்துல சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிட்டீங்களா? சொல்லுங்க, மன்னிச்சிட்டீங்களா?"

எங்கள் தீவில் 'ஆமாம்' சொல்ல வாய் வேண்டாம், புருவத்தை உயர்த்தினாலே போதும். இலியேசாவின் இரண்டு புருவங்களும் மெல்ல உயர்ந்தன.

"பாத்தியா அசெனதா! ஆமாங்கிறாரு!"

அசெனதாவும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். கடைக்காரனுக்கும் பஸ்காரனுக்கும் தினமும் புருவத்தாலேயே பதில் சொல்கிறவள். ஆனால் சீருடை போட்டிருந்த அந்த நேரத்தில் அவள் கண்முன் நின்றது ஒன்பதாம் பாடம். பேச முடியாத நோயாளியின் புருவம் அசைந்தால் அது வலி.

"இல்லக்கா. அது வலி. பாடத்துலயே இருக்கு."

"ஆமாம்னு சொன்னாரே..."

"உங்க ஆசைக்கு அப்படித் தெரியுதுக்கா. பாவம், வேதனையில துடிக்கிறாரு."

வலி இருந்தால் மயக்க மருந்தைக் கூட்டலாம் என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார். அசெனதா அன்போடுதான் கூட்டினாள். இலியேசாவின் கண்கள் மூடின. பிறகு திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவன் இதயம் நின்றது.

"பதில் சொல்லாமலே போயிட்டாரே" என்ற ஒரே புலம்பலோடு சவப்பெட்டியின் பின்னால் நடந்தாள் மெரெவாய்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு நல்ல இணைய இணைப்பு வந்தது. சான்றிதழைப் புதுப்பிக்க, பெரிய திரையில் பாடங்களை மறுபடி ஓடவிட்டாள் அசெனதா. ஒன்பதாம் பாடம். இந்த முறை படம் தத்தவில்லை. அந்த நோயாளியின் புருவங்கள் உயரவில்லை. அவை கீழே இறங்கி, ஒன்றையொன்று நெருங்கிச் சுருங்கின. மரத்தடியில் படம் தாவித் தாவி ஓடியபோது, புருவம் அசைந்ததை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. நான்கு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் போய் அழுதாள்.

"எப்படியும் அவர் பிழைச்சிருக்க மாட்டார். விடும்மா" என்றார் அவர்.

"நான் சாவைச் சொல்லல டாக்டர்."

பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் சனிக்கிழமை காலை சடங்குகளில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கினாள். மன்னிப்புக் கேட்க அந்த வேரோடு, பெரியவர் ஒருவரை முன்னிறுத்திப் போவதுதான் எங்கள் முறை. அவள் தனியாகவே போனாள். மெரெவாயின் வீட்டுப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்து வேரை முன்னால் வைத்தாள். எதிரில் இருப்பவர் அதைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம்.

"அக்கா, அன்னைக்கு அவர் ஆமாம்னுதான் சொன்னார். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

மெரெவாயின் உதடு துடித்தது. "மன்னிச்சிட்டாரா?"

"மன்னிச்சிட்டார்க்கா."

அந்த முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே கருகிப் போனது.

"அப்போ நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் இருந்தாரே அசெனதா! எவ்வளவு பேசியிருப்பேன்... பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருப்பேனே! தூங்க வச்சிட்டியே!"

மெரெவாயின் கை வேரை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. மடிக்கே திரும்பிவிட்டது.

"எடுத்துட்டுப் போ. இன்னைக்கு என்னால முடியல."

அடுத்த சனிக்கிழமையும் அசெனதா போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள். மெரெவாய் பாய் விரிக்கிறாள், தேநீர் கொடுக்கிறாள். அந்த வேரை மட்டும் இன்னும் தொடவில்லை.